சர்க்கரை மாத்திரையோடு இரண்டு கேள்வியும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்ட மூதாட்டி விபரீத முடிவு’ என்று மாவட்டப் பக்கத்தின் மூலையில் நான்கு வரிச் செய்தி அடிக்கடி வருகிறது. ஊரும் வயதும் மாறுகின்றன, வயிற்றுவலி மாறுவதில்லை. அந்த வலிக்காக உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் அலைந்து ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ‘ஒண்ணுமில்ல, கேஸ்தான்’ என்று மாத்திரையும் வாங்கியிருப்பார்கள். சோறு இறங்குகிறதா, விடியற்காலை எத்தனை மணிக்கு விழிப்புத் தட்டுகிறது, அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்ளப் பிடிக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் பலருக்கு அது மனச்சோர்வு என்று தெரிந்திருக்கும். மனச்சோர்வு ஒரு நோய். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதில்லை, பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும்.

மதுரை மாவட்டத்தின் மேற்கே உள்ள கிராமங்களில் முதியோர் நலப் பணியில் இருக்கும் செவிலியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்த நோய்க்கான உதவியின் பெரும்பகுதியை ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்களைக் கொண்டே கொடுக்க முடியும். அதற்கான ஆளும் வழியும் ஏற்கெனவே இருக்கின்றன. செய்முறையைத்தான் யாரும் கையில் கொடுக்கவில்லை. அதை இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

2017-18இல் நாடு முழுவதும் நடந்த முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின்படி, 60 வயது கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் மனச்சோர்வு என்று மருத்துவர் கண்டு சொன்னதாகத் தெரிவித்தவர்கள் 0.8 சதவீதம்தான். இதே கணக்கை வைத்தால், 200 முதியவர்கள் வாழும் ஊரில் பதினாறு பேர் இந்த நோயோடு இருப்பார்கள். அவர்களில் ஒருவரோ இருவரோதான் மருத்துவரின் கண்ணில் பட்டிருப்பார்கள்.

மீதிப் பேர் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. ‘கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு’, ‘தலை கிறுகிறுங்குது’, ‘நெஞ்சு படக்கு படக்குங்குது’ என்று வாரம் ஒருமுறை ஊசி போடும் இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘ஒரு பாட்டில் ஏத்தினா சரியாயிரும்’ என்று குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் தேவலை என்றிருக்கும். பாட்டில் இறங்கும்வரை மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அதற்குப் பாதிக் காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். கவலையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் முதியவர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். ஆண்கள் சொல்லவே மாட்டார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது. மகளிர் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சில்லை, யாருடைய மகன் முறுக்கு வியாபாரத்துக்கு வெளிமாநிலம் போனான், யார் திருப்பூரில் குடியேறிவிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவரே இரண்டு கேள்வி கேட்டால் போதும், தேடுகிற வேலையில் பாதி முடிந்துவிடும்.

மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுதும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தின் (PHQ-9) முதல் இரண்டுதான் அவை. எங்கள் பக்கத்துப் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: ‘ரெண்டு வாரமா எந்த வேலையிலயும் மனசு ஒட்டாம இருந்தது எத்தனை நாள், அப்பத்தா?’ ‘மனசு பாரமா, இனிமே என்ன இருக்குன்னு தோணினது எத்தனை நாள்?’ படிவத்தில் உள்ளபடி ‘சில நாள்களா, பாதி நாள்களுக்கு மேலா’ என்று கேட்டால் முதியவர்கள் குழம்பி, ‘ஆமா, அப்படித்தான் இருக்கு’ என்று முடித்துவிடுவார்கள். அதற்குப் பதினான்கு புளியங்கொட்டை போதும். ஒரு கொட்டைக்கு ஒரு நாள். முறத்தில் பரப்பிவைத்து, மனசு சரியில்லாத நாள்களை ஒதுக்கச் சொல்ல வேண்டும். கண் தெரியாதவர்களும் தடவிப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுதான் என்றால் மதிப்பெண் 0. இரண்டிலிருந்து ஆறுவரை 1. ஏழிலிருந்து பதினொன்றுவரை 2. பன்னிரண்டும் அதற்கு மேலும் 3. இரண்டு கேள்விக்கும் சேர்த்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மீதி ஏழு கேள்வியையும் இன்னொரு நாள் நிதானமாகக் கேட்க வேண்டும்.

கேட்கும் இடமும் முக்கியம். மருமகள் அடுப்படியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது எந்த மாமியாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார். ‘இருக்கேன்ப்பா, எனக்கென்ன குறை’ என்பார். அதை ‘நலம்’ என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. வேப்பமரத்தடிக்கோ மாட்டுக்கொட்டம் பக்கமோ கூட்டிப்போய்க் கேட்கலாம். காது மந்தமானவரிடம் சத்தமாகக் கேட்டால் தெருவே கேட்கும் என்பதால் இது இன்னும் அவசியம். முதல் சந்திப்பிலேயே நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. மருந்து அட்டையில் ‘மனநோய்’ என்று எழுதவே கூடாது. அந்த அட்டை பேத்தியின் கல்யாணப் பேச்சுவரை போகும் என்று வீட்டார் பயப்படுவார்கள். அடுத்த மாதம் தன்னார்வலரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஒன்பது கேள்விக்கும் சேர்த்து மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 வரை இருந்தால் லேசானது. கூட்டு நிகழ்ச்சிகளில் சேர்த்துவிட்டு மாதம் ஒருமுறை மறுபடி கேட்டால் போதும். 10 அல்லது அதற்கு மேல் போனால் கீழே சொல்லும் தொடர் சந்திப்புகளைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த வாரத்துக்குள்ளேயே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. தூக்கம், பசி, அசதி பற்றிய மூன்று கேள்விகளுக்கும் சர்க்கரை நோயாளிகளும் முழங்கால் வலிக்காரர்களும் அதிக மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். முதல் இரண்டு கேள்வியில் ஒன்றுமில்லாமல் இந்த மூன்றில் மட்டும் மதிப்பெண் குவிந்தால், முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. பல தன்னார்வலர்கள் அதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைக்கிறார். ‘என்னைய எப்பக் கூப்பிடுவானோ’ என்று முதியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வது வேறு. ‘நானே போயிரலாம்னு இருக்கேன்’ என்பது வேறு. இரண்டாவதைக் கேட்டால், ‘எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீகளா?’ என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். ஆம் என்றால் அன்றைக்கு அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, பூச்சிமருந்து, களைக்கொல்லி, மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் அன்றே வேறு இடத்தில் வைத்துப் பூட்டச் செய்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கோ மனநல உதவி எண்ணான 14416க்கோ அவரையே பேசவைக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசலாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூடவே கூடாது.

உடம்பைப் பார்ப்பது என்றால் என்னென்ன? ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, பி12 சத்துக் குறைவு ஆகிய நான்கும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். காதில் அழுக்கு அடைத்துப் பேச்சுக் கேட்காமல் போனவர் ஆறு மாதத்தில் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். கண்புரை முற்றியவரும் அப்படித்தான். 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் போட்டு ஆளை வண்டியில் ஏற்றிப்போய், அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் உண்டாக்கியிருக்கிறது. மனச்சோர்வு என்று சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் கண்ணைப் பரிசோதித்து, தேவையானால் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுங்கள். அடுத்து, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூட்டுவலிக்கு என்று யாரோ கொடுத்த ஸ்டீராய்டு, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை இரண்டும் அந்தப் பையில் இருக்க வாய்ப்புண்டு. தூக்க மாத்திரை மனச்சோர்வைத் தீர்க்காது. இரவில் ஒன்றுக்குப் போக எழுந்தால் தடுமாறி விழவைத்து இடுப்பெலும்பை முறித்துவிடும். வருடக்கணக்கில் போட்டவர்கள் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது; மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனித் தொடர் சந்திப்பு. இதுதான் மருந்துக்குச் சமமான பகுதி, ஊரே செய்யக்கூடிய பகுதியும் இதுதான். கோவாவில் 60 வயது கடந்த 181 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் லேசான அறிகுறியோடு இருந்தவர்கள். மனநலப் பட்டம் ஏதும் இல்லாத ஆலோசகர்கள், சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி, தூக்கத்துக்கான பழக்கங்கள், சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளும் முறை, அரசு உதவிகளைப் பெற வழிகாட்டுதல் என்று இவ்வளவையும் ஒரு பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். ஓராண்டில் அந்தப் பாதியில் 4.4 சதவீதம் பேருக்கே முழு மனச்சோர்வு வந்தது. வழக்கமான கவனிப்பு பெற்ற மறுபாதியில் 14.4 சதவீதம். 2019இல் வெளியான முடிவு இது. ஜிம்பாப்வே நாட்டில் சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். பெஞ்சுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

ஆறு முதல் எட்டுச் சந்திப்பு. ஒவ்வொன்றும் 30-40 நிமிடம். முதல் நான்கும் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. முதல் சந்திப்பில் பேச்சைக் கேட்பதோடு, முந்தின நாள் எழுந்தது முதல் படுத்ததுவரை என்ன நடந்தது என்று மணிக்கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஆடு மேய்த்த ஐயா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் போச்சு என்று மகன்கள் ஆட்டை விற்று, ‘இனிமே சும்மா உக்காருங்கப்பா’ என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் விடிய எழுந்திருப்பது, கண்மாய்க் கரையில் நாலு பேரைப் பார்ப்பது, வெயில், நடை, பசி, அலுப்பில் வரும் உறக்கம், கையில் புழங்கும் காசு எல்லாம் ஆட்டோடு சேர்ந்து ஒரே நாளில் போய்விட்டன. இப்போது அவர் தாளில் ‘திண்ணை, கட்டில், திண்ணை’ என்றுதான் இருக்கும். மானாவாரி ஊர்களில் ஆடு விற்ற வீட்டுப் பெரியவர்களைத் தன்னார்வலர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அவருக்கு ஆட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆட்டால் அவருக்குக் கிடைத்து வந்ததில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்கலாம். ‘மனசு வந்தா போறேன்’ என்பார். மனசு வரும்வரை காத்திருந்தால் வராது. செய்யத் தொடங்கினால்தான் வரும். இந்தச் சிகிச்சையின் உயிர்நாடியே இதுதான். ‘வெளியே போய்ப் பேசிப் பழகுங்க’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. என்ன, எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு என்ற நான்கும் பேசி முடிவாக வேண்டும். ‘செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலரைக்கு, பக்கத்து வீட்டுப் பேரனோட, ஆலமரம் வரைக்கும் போயிட்டு வர்றது. வரும்போது அந்த வீட்டு ஆட்டுக்கு ஒரு கட்டுத் தழை.’ அவ்வளவுதான் முதல் வாரம். அவர் முடியும் என்று சொல்வதில் பாதியை வைக்க வேண்டும். அரை மைல் என்றால் கால் மைல். செய்த நாளுக்கு மாதக் காலண்டரில் பேரன் ஒரு புள்ளி வைக்கட்டும். அடுத்த வாரம் அந்தப் புள்ளிகளை வைத்தே பேச்சைத் தொடங்கலாம். புள்ளி இல்லையென்றால் ‘ஏன் செய்யல’ என்று கேட்கக் கூடாது, ‘எது தடுத்துச்சு’ என்று கேட்க வேண்டும். பேரனுக்கு டியூஷன் இருந்திருக்கும், வெயில் இறங்கியிருக்காது, செருப்பு அறுந்திருக்கும். அதைச் சரிசெய்து திரும்பவும் வைக்க வேண்டும்.

பெண்களுக்கு வேறு விதம். பூக்கட்டுவது, புளி தட்டிக் கொட்டை எடுப்பது, இரண்டு கோழி வளர்ப்பது, அங்கன்வாடிப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது என்று பழைய கைவேலையாக இருந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. இங்கே வீட்டாரின் பாசமே தடையாக வரும். கையிலிருக்கும் விளக்குமாற்றைப் பிடுங்கி, ‘ஊரு என்ன சொல்லும், நீ உக்காரு அத்தை’ என்பார் மருமகள். அவரையும் ஒருநாள் உட்காரவைத்து, இது வைத்தியத்தில் சேர்த்தி என்று விளக்கியாக வேண்டும். தன்னார்வலர் செய்யும் தவறு வேறு: ஐந்தாம் நிமிடத்திலேயே ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்’ என்றுவிடுகிறார். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அடுத்தவர் கதையைச் சொல்லித் தேற்றுவதும் அப்படித்தான். முதல் பத்து நிமிடம் ‘ம்’ கொட்டிக் கேட்பதற்குத்தான் பயிற்சியில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

சிலருக்கு மனப்பாரம் ஒரு குறிப்பிட்ட சிக்கலில் போய் நிற்கும். மாதாமாதம் வந்த முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கும். காட்டு வேலை செய்து தேய்ந்த விரலின் ரேகை கருவியில் விழாமல், மூன்று முறை போய்த் திரும்பியிருப்பார். ‘என் கையே என்னுது இல்லேங்குது மிசினு’ என்று அழுபவரிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசுவது நியாயமில்லை. சிக்கலைத் துண்டாக்க வேண்டும்: நின்றது எந்த மாதம், வங்கிக் கணக்கா ஆதாரா, வருவாய் ஆய்வாளரைப் பார்க்க யார் கூட வருவார்கள், கருவிழிப் பதிவு எங்கே செய்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு துண்டு. தன்னார்வலரே ஓடிப்போய் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடவும் கூடாது. கூட நடந்து, பேசுவதை அவரையே பேசவிட வேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567ஐயும் இதற்குப் பயன்படுத்தலாம்.

தூக்கத்துக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, பகலில் அரைமணிக்கு மேல் கண்ணயராமல் இருப்பது, நான்கு மணிக்குப் பிறகு டீ, காப்பி இல்லை, விழித்துப் படுத்திருப்பதைவிட எழுந்து உட்கார்ந்துவிட்டு உறக்கம் வரும்போது படுப்பது.

நான்காவது சந்திப்பிலும் எட்டாவதிலும் புளியங்கொட்டையை மறுபடி எடுக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 5 அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் முன்னேற்றம். நான்கு சந்திப்பாகியும் அசையவில்லை என்றால் இழுத்துக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொடரை அறுப்பது ஒன்று உண்டு: மாதமுறைச் சாப்பாடு. மூன்று மகன்கள் என்றால் மாதம் ஒரு வீடு. மாசி மாதம் மூத்தவன் வீட்டில் தொடங்கிய சந்திப்பு, பங்குனியில் அடுத்த ஊரில் நடுவுள்ளவன் வீட்டுக்குப் போகும்போது அறுந்துவிடும். மாத்திரை பழைய வீட்டு மாடக்குழியிலேயே இருக்கும். மஞ்சப்பையும் காலண்டரும் மாத்திரை அட்டையும் ஆளோடு சேர்ந்து நகர வேண்டும். வீடு மாறும் தேதியைத் தன்னார்வலர் முன்பே குறித்துக்கொண்டு, அடுத்த ஊர்த் தன்னார்வலருக்குப் போன் செய்துவிட வேண்டும். இந்த ஒரு போன் இல்லாததால் வீணாகும் சிகிச்சை கொஞ்சமல்ல.

சாவு வீட்டையும் சொல்ல வேண்டும். கருமாதிவரை வீடு நிறைய ஆள் இருக்கும். அதன்பின் வாசலை யாரும் மிதிப்பதில்லை. துணையை இழந்தவர் உடைவது அப்போதுதான். துக்கம் நோயல்ல, அதற்கு மருந்து கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஆனால் 30ஆம் நாள், 60ஆம் நாள், 90ஆம் நாள் ஒரு ஆள் போய் அரைமணி உட்கார்ந்து, சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, போனவரைப் பற்றி பேசுகிறாரா என்று பார்த்துவிட்டு வரலாம். புருஷன் செத்த மூலையிலிருந்து அறுத்தவள் எழுந்து வரக் கூடாது என்ற வழக்கம் இன்னும் சில வீடுகளில் மிச்சமிருக்கிறது. அந்த வீடுகளுக்கு வயதில் மூத்த பெண்களே போனால் எடுபடும்.

வாரம் ஒருமுறை ஆறு முதல் பத்துப் பேர் கூடி உட்காருவது நல்லது. இடம் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மந்தைச் சாவடியில் போட்டால் காலனி ஆட்கள் வர மாட்டார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கன்வாடி, பள்ளிக்கூடம், நூலகம் ஆகியவை பொது இடம். ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருவிலிருந்தே தன்னார்வலர் இருக்க வேண்டும். ரேஷன் பொருளை முதியவர்களின் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நடக்கத் தெம்புள்ள பலருக்கு ரேஷன் கடை வரிசைதான் மாதத்தில் ஊராரைப் பார்க்கும் ஒரே நாள் என்பதால், வீட்டுக்குப் பொருள் வரும் முதியவரை இந்த வாரக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட வேண்டும்.

மருந்து தேவைப்படுபவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். முதல் வாரம் குமட்டும், வயிறு ஒரு மாதிரி இருக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முதியவர்களுக்குச் சில நேரம் அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாள் ‘உடம்புக்குச் சேரல’ என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தேறியவுடன் நிறுத்துவது அடுத்தது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மாத்திரைகள் சில முதியவர்களுக்கு ரத்தத்தில் உப்பு (சோடியம்) அளவைக் குறைத்துவிடும், அதுவும் ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு. புதிதாக மயக்கம், தள்ளாட்டம், ஆள் தெரியாத குழப்பம் வந்தால் ‘வயசாயிருச்சு’ என்று விடாமல் அன்றே சோடியம் பரிசோதனை செய்ய வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் கிழமையைத் துணை சுகாதார நிலையச் சுவரில் பெரிதாக எழுதிப்போட்டால் பல வீண் அலைச்சல் மிச்சமாகும்.

கோடாங்கியிடமும் பூசாரியிடமும் போவதைத் தடுத்துச் சண்டை போட வேண்டாம். ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் வழிபாட்டோடு மருத்துவமும் கிடைக்க அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. திருநீறு போட்டுவிட்டு, ‘நர்சம்மாவையும் பாத்துருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லும்படி ஊர்ப் பூசாரியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

இத்தனையும் தன்னார்வலரின் தலையில் இலவசமாக ஏற்றக் கூடாது. ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்தப் பணிக்குத் தனி ஊக்கத்தொகை வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவிலியரோடு உட்கார்ந்து, எங்கே சிக்கியது என்று பேச நேரம் வேண்டும். அந்த உட்கார்தல் இல்லாத இடங்களில் மூன்றே மாதத்தில் எல்லாம் படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்திகளுக்கு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் நெறிமுறை வகுத்துள்ளது. மாவட்டச் செய்தியாளர்கள் எந்த வழியில் என்பதையும், ‘வயிற்றுவலியால்’ என்று ஒற்றைக் காரணத்தையும் எழுதாமல், செய்தியின் கீழே 104, 14416 ஆகிய எண்களைப் போட்டால் அதைப் படிக்கும் இன்னொரு முதியவருக்கு ஒரு கதவு திறக்கும்.

அக்டோபர் 1 முதியோர் நாள். 2ஆம் தேதி கிராம சபை. 10ஆம் தேதி உலக மனநல நாள். அந்தக் கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானத்தையும் எழுதித் தருகிறோம். ஊராட்சிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘நமது ஊராட்சியில் 60 வயது கடந்த அனைவரிடமும், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மனநலக் கேள்விகளைத் தனியிடத்தில் கேட்க வேண்டும்; தேவைப்படுவோருக்குத் தொடர் சந்திப்பு நடத்தத் தெருவுக்கு ஒருவருக்குப் பயிற்சி அளிக்கும்படி வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம்; வாரக் கூட்டத்துக்கு அங்கன்வாடிக் கட்டடத்தை மாலை நேரத்தில் திறந்துவிட வேண்டும்; பெயர்ப் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டுமே இருக்கும், சபையில் வாசிக்கப்படாது.’

இப்படிக்கு,
முதியோர் நலப் பணியிலுள்ள செவிலியர்கள், தன்னார்வலர்கள்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்.